மேலே ஒரு ஏசி, கீழே ஒரு ஏசி

வெளியே தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாடி அறைக்குள்ளேயோ உதவியாள் தந்திக்குப் பல் கிட்டியது. சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டான்.

"மேடம், இந்த ரூம்ல ஐஸ்கிரீமை மேஜை மேல வெச்சிட்டு ஊருக்குப் போயிட்டு வரலாம். இங்க படுத்திருந்த மனுஷன் எப்படி வெக்கை தாக்கிச் செத்தார்?"

மாஜி பதில் சொல்லவில்லை. போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தபோது 'மாஜி இன்ஸ்பெக்டர்' என்று ஆரம்பித்த பெயர், துப்பறியும் தொழிலில் இறங்கியதும் சுருங்கி வெறும் 'மாஜி' ஆகிவிட்டது. கேள்விக்கு உடனே பதில் சொல்வது அவர் வழக்கமில்லை. தந்தியோ கேள்வி வருவதற்கு முன்பே பதில் சொல்கிறவன். ஒரு தடவை காதில் விழுந்த பேச்சை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வான், அதற்குத்தான் சம்பளம். அவனுடைய ஜோக்குகள் இலவசம்.

வழக்கு இதுதான். போன மாதம் வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், இந்தக் கட்டிலில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து இடது பக்கமும் பேச்சும் போய்விட்டிருந்தன. சாயங்காலம் டாக்டர் வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அறை ஜில்லென்று இருந்தது. பெரியவரின் உடம்பு மட்டும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி கொதித்தது. டாக்டர் குழம்பிப்போய் 'வெப்பத் தாக்கு' என்று எழுதிவிட்டுப் போனார். போலீஸ் 'வயசானவர்' என்று எழுதி மூடிவிட்டது.

மூட விடாதவர் பெரியவரின் மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நேற்று மாஜியின் ஆபீசில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஆத்திரப்பட்டார்.

"கணக்கு இடிக்குது மேடம். இந்த ஏசியே போன வருஷம் நான் வாங்கிக் குடுத்தது. வீட்டை வித்துடலாம்னு நான் சொன்னதுல தம்பிக்கும் எனக்கும் சண்டை. அப்பா சாகறதுக்கு முன்னாடி மூணு மாசமா அந்த வாசப்படியை நான் மிதிக்கலை. அந்த நேரம் பார்த்து என்னமோ பண்ணிட்டாங்க. அவன் ஹால்ல உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல கை விறைச்சுப்போகுது, அப்பா மட்டும் மேல வெந்து செத்தாராமா?"

இப்போது அந்தத் தம்பியும் தம்பி மனைவியும் அறை வாசலில் நின்றிருந்தார்கள். தம்பி பாட்டில் கம்பெனியில் ஃபோர்மேன். அவன் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. ஒரே வாசல்தான். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் தாராளமாக நிற்கலாம்.

"ஃபேன் எங்கே?" மாஜி அண்ணாந்து பார்த்தார்.

"கழட்டிட்டோம்" என்றாள் தம்பி மனைவி. "பழைய வீடு இல்லையா, கூரை ரொம்ப உயரம். அந்த உயரத்துக்கு ரெண்டு மடங்கு ஏசி வேணும்னாங்க. நம்மால முடியுமா? அதான் நடுவுல ஃபால்ஸ் சீலிங் போட்டு உயரத்தைக் குறைச்சோம். ஃபேன் மாட்ட இடம் இல்லை. வென்டிலேட்டரை எல்லாம் பலகை வெச்சு அடைச்சாச்சு. ஜன்னலும் திறக்காது, பசை போட்டு ஒட்டியிருக்கு."

"ஏசி வாங்கின செலவைவிட ஏசிக்கு வீட்டைத் தயார் பண்ண செலவு ஜாஸ்தி" என்றான் தம்பி, சுவரைப் பார்த்து.

தந்தி ஜன்னல் இடுக்கைத் தடவினான். "அப்போ ஏசி நின்னுபோச்சுன்னா இது ரூம் இல்லை. பிரஷர் குக்கர். விசில் மட்டும்தான் இல்லை."

"ஏசி நிக்கலை!" தம்பி மனைவியின் குரல் சட்டென்று ஏறியது. "ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"ஓடிட்டுத்தான் இருந்துச்சு" என்றான் தம்பி.

ஒரே டியூஷனில் படித்த பிள்ளைகள் மாதிரி இருந்தது. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அன்னைக்கு யார் எப்போ வீட்ல இருந்தீங்க?"

"நான் காலையில கஞ்சி குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா..." அவள் முடிக்கவில்லை.

"மதியம் நான் வந்து சோறு ஊட்டிட்டு ஒரு மணிக்குத் திரும்பிட்டேன். நல்லாத்தான் இருந்தார்."

மாஜி கட்டிலருகே இருந்த சின்ன மேஜைக் கடிகாரத்தை எடுத்தார். முட்கள் இரண்டு மணி இருபது நிமிடத்தில் நின்றிருந்தன.

"ஆகா!" என்றான் தந்தி. "உயிர் போன நேரத்துல கடிகாரமும் நின்னுடுச்சு. இதை நம்பற போலீஸ்காரங்க இருக்கிற வரைக்கும் நமக்குப் பொழப்பு ஓடும்."

மாஜி கடிகாரத்தைத் திருப்பினார். பின்பக்க மூடி இல்லை. பேட்டரியும் இல்லை. அவர் கையை நீட்ட, தம்பி மனைவி ஏசி ரிமோட்டைக் கொடுத்தாள். அதன் மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு பேட்டரிகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

"இதை நீங்க மாத்தினீங்களா?"

"இல்லைங்க. மாமா போன நாள்லேர்ந்து இந்த ரூமைப் பெருக்கக்கூட எனக்கு மனசு வரலை."

"தந்தி, கட்டிலுக்கு அடியில பாரு."

தந்தி குனிந்து, தவழ்ந்து, ஒட்டடையோடு எழுந்தான். ஒரு கையில் கடிகாரத்தின் மூடி. இன்னொரு கையில் சிவப்பு பேட்டரி.

தந்தியின் மனதில் அந்தக் காட்சி தானாக ஓடியது. ஏசி நிற்கிறது. பெரியவர் ரிமோட்டை அமுக்குகிறார், மறுபடியும் அமுக்குகிறார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். வேலை செய்கிற ஒரே கையால் கடிகாரத்தை வயிற்றில் வைத்து அழுத்தி, நகத்தால் மூடியை நெம்பி, பேட்டரியை எடுத்து ரிமோட்டில் திணிக்கிறார். பழையது உருண்டு கீழே போகிறது. மறுபடியும் அமுக்குகிறார்.

ஜோக் எதுவும் வரவில்லை.

"கடிகாரம் நின்னது உயிர் போனதால இல்லை" என்றார் மாஜி மெதுவாக. "ஏசி நின்னதால. ரெண்டு இருபது."

தம்பி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

கீழே ஹாலில் காற்று அசையவே இல்லை. சுவரில் புத்தம் புது ஏசி ஒன்று, கம்பெனி ஸ்டிக்கர்கூட உரிக்காமல் தொங்கியது.

"இதைக் கொஞ்சம் போட்டா புண்ணியமா போகும்" என்றான் தந்தி.

"அன்னையிலிருந்து அதை நாங்க போடறதே இல்லை" என்றாள் தம்பி மனைவி. "தொடவே இல்லை."

வெளியே வந்து மாஜி விசாரித்ததும், எதிர்ப்பக்க ஜூஸ் கடைக்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார். "கரண்ட்டா? அன்னைக்குப் போகவே இல்லைங்க. போயிருந்தா என் ஃபிரிட்ஜ்ல இருந்த பால் மொத்தமும் திரிஞ்சிருக்கும். பெரியவர் செத்த நாள், நல்லா ஞாபகம் இருக்கு."

மாஜி அந்தப் பழைய வீட்டை நிமிர்ந்து பார்த்தார். கனத்த சுவர்கள். கம்பத்திலிருந்து கூரை ஓரத்துக்கு ஒரே ஒரு ஒயர், வெயிலில் வெளுத்துத் தொய்ந்து வந்தது.

"என்ன கனம் இருக்கும் அது?"

"என் ஷூ லேஸைவிடக் கொஞ்சம் பரவாயில்லை."

"மேலே ஒரு ஏசி, கீழே ஒரு ஏசி. ஷூ லேஸ்ல ரெண்டு யானையைக் கட்ட முடியுமா?"

"ஒரு யானையைக் கட்டலாம். இன்னொண்ணு வந்தா முதல்ல கட்டினதை அவுத்து..." தந்தி நிறுத்தினான். "மேடம்!"

"எலக்ட்ரீஷியன் கடை எங்கே இருக்குன்னு ஜூஸ்காரர்கிட்ட கேளு."

எலக்ட்ரீஷியன் கடை ஆள் நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. சுற்றிலும் ஒயர் சுருள்கள், நடுவில் அவர். விஷயம் என்ன என்று தெரிந்ததும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் ஒழுங்காத்தான் சொன்னேன் மேடம். ரெண்டாவது ஏசி வேணும்னா வீட்டு ஒயரிங் மொத்தத்தையும் உரிச்சுட்டுப் புதுசா போடணும், சுவரை வெட்டணும், கம்பத்துலேர்ந்து புது லைன் இழுக்கணும். அந்தச் சுவரு சாதாரண சுவரா? உளி வெச்சா உளிதான் உடையும். ரெண்டு ஏசி விலையையும் சேர்த்தாலும் அந்தச் செலவுக்குக் காணாது. 'இதுக்கு மேல கடன் வாங்கினா நாங்க தெருவுலதான் நிக்கணும், வேற வழி சொல்லுங்க'ன்னார் தம்பி. அதான் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டேன்."

"அப்படின்னா?"

"மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி. அதுல ஒரு கைப்பிடி. மேலே தள்ளினா மாடி ஏசி. கீழே தள்ளினா ஹால் ஏசி. ரெண்டும் சேர்ந்து ஓடாது. லைட்டு எல்லாம் தனி, அது பாட்டுக்கு எரியும்."

"பெட்டி மேல எது எதுன்னு எழுதி வெச்சீங்களா?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். "வீட்ல இருக்கிறது புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்தானே. வாயால சொல்லிட்டேன். பகல்ல பெரியவருக்கு, ராத்திரி கொஞ்ச நேரம் நமக்குன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க."

"மகள்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்க அப்போ வீட்டுக்கே வர்றதில்லைன்னு சொன்னாங்களே."

"ஹால் ஏசி எப்போ மாட்டினீங்க?"

"பெரியவர் தவறிப்போறதுக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி." அவர் குரல் இறங்கியது. "மேடம், அந்தக் கைப்பிடியை யாராவது...?"

"யாரோ" என்றார் மாஜி.

காரில் ஏறியதும் தந்தி பொரிந்து தள்ளினான். "புருஷன், இல்லைன்னா பொண்டாட்டி. ரெண்டு பேர்ல ஒருத்தர் ரெண்டு இருபதுக்கு வீட்டுக்கு வந்து, ஹால்ல ஜில்லுன்னு உட்கார கைப்பிடியைக் கீழே தள்ளியிருக்காங்க. ரெண்டு பேர் மூஞ்சிலயும் எழுதி ஒட்டியிருக்கே!"

"எழுதியிருக்கு. ஆனா என்ன எழுதியிருக்குன்னு சரியாப் படி. கூட்டா தப்பு பண்ணவங்க அடிக்கடி ஒருத்தரையொருத்தர் பார்ப்பாங்க. இவங்க பார்க்கவே மாட்டேங்கறாங்க." மாஜி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். "டீச்சர் நேத்து பேசினதைத் திருப்பிச் சொல்லு. அப்படியே."

தந்தி தொண்டையைச் செருமினான். அழுகை, மூக்கு உறிஞ்சல் சகிதம் ஒப்பிக்க ஆரம்பித்தான். "கணக்கு இடிக்குது மேடம்... மூணு மாசமா அந்த வாசப்படியை நான் மிதிக்கலை... அந்த நேரம் பார்த்து என்னமோ பண்ணிட்டாங்க. அவன் ஹால்ல உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல கை..."

வாய் திறந்தபடி நின்றது. அந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மேடம்" என்றான் கடைசியில். "இதை நான் மறந்திருக்கலாம்."

"வண்டியை எடு."

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் நேராக அந்த வீட்டுக்கு வந்தார், மாஜி சொன்னபடி. ஹாலில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் அதைத் தொடவில்லை.

மாஜி மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தார். சிவப்புக் கைப்பிடி மேல்நோக்கி நின்றது.

"உங்கப்பாவை யாரும் வெளியில வெயில்ல தூக்கிப் போடலை டீச்சர். அந்தக் கட்டில்லயேதான் இறந்தார். அன்னைக்கு ரெண்டு இருபதுக்கு யாரோ இந்தக் கைப்பிடியைக் கீழே தள்ளினாங்க. மாடி ஏசி நின்னுடுச்சு. ஃபேன் இல்லை, ஜன்னல் திறக்காது. சாயங்காலம் உங்க தம்பி வந்து திரும்ப மேலே தள்ளினார். அதனாலதான் டாக்டர் வர்றப்போ ரூம் குளிர்ந்திருந்தது. சரிதானே தம்பி?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"பார்த்தீங்களா!" டீச்சர் எழுந்துவிட்டார். "நான் சொன்னேன்ல? இவன்தான்! குளுகுளுன்னு உட்கார்றதுக்கு..."

"நான் இல்லைக்கா."

"பின்ன யாருடா?"

அவன் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவன் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா?" என்றாள். "நான்னா நினைச்சீங்க? இத்தனை நாளா? நான் வந்தப்பவே ஹால் லேசா குளிர்ந்து இருந்துச்சு. மதியம் சோறு ஊட்ட வந்தப்போ நீங்கதான் போட்டுட்டு, திருப்பி வைக்க மறந்து போயிட்டீங்கன்னு நினைச்சேன். மாடிக் கதவைத் திறந்தா மூஞ்சியில அனல் அடிச்சுது. உங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு ஏசி ஓடுச்சுன்னு பொய் சொன்னேன்."

"நானும் உனக்காகத்தான் சொன்னேன்" என்றான் அவன். குரல் உடைந்தது. "நீ சீக்கிரமே வந்து, களைப்புல தள்ளிட்டியோன்னு... உன்னைக் கேக்கவும் முடியலை, கேக்காம தூங்கவும் முடியலை."

தந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்து வரப்போவது தெரிந்திருந்ததால், டீச்சரைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"ரெண்டு பேரும் நடிக்கறாங்க!" என்றார் டீச்சர்.

"டீச்சர்." மாஜியின் குரலில் அதட்டல் இல்லை. "ஒரு சின்னக் கணக்கு. இந்த ஹால் ஏசியை மாட்டினது அப்பா இறக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. அவர் போனதுலேர்ந்து இவங்க இதைத் தொடவே இல்லை. ஆக, இது ஓடினது அந்த ஒரு வாரம்தான். நீங்க மூணு மாசம் இங்க வரவே இல்லைன்னீங்க. இந்த ஹால்ல உட்கார்ந்தா அஞ்சு நிமிஷத்துல கை விறைச்சுப்போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சரின் சாக்பீஸ் தூள் படிந்த விரல்கள் கைப்பையின் வாரை முறுக்கின. பிறகு அவர் கண்கள் அந்தச் சிவப்புக் கைப்பிடிக்குப் போயின, அங்கேயே நின்றன.

"அது..." என்றார். "அது மெயின் சுவிட்ச் இல்லையா?"

மாஜி இல்லையென்று தலையசைத்தார்.

"வீடு வாங்கற பார்ட்டி ஒருத்தர் வந்தார். தம்பி இல்லாத நேரத்துல காட்டலாம்னு கூட்டிட்டு வந்தேன். என்கிட்ட பழைய சாவி இருந்துச்சு. அவருக்கு வேர்த்துக் கொட்டிச்சு. ஏசியைப் போட்டேன், ஓடலை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். கைப்பிடியைக் கீழே தள்ளினதும் ஓடிச்சு. அவ்வளவுதான் மேடம் எனக்குத் தெரியும். சத்தியமா அவ்வளவுதான். இல்லைன்னா நான் ஏன் உங்ககிட்ட வரப்போறேன்? வீடு காட்டினது தெரிஞ்சா இவன் சண்டைக்கு வருவான்னுதான் சொல்லலை."

"மேலே போய் அப்பாவைப் பார்க்கலையா அண்ணி?" தம்பி மனைவி கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தட்டினார்" என்றார்.

"என்னது?"

"கைத்தடியால தரையைத் தட்டினார். எதாவது வேணும்னா தட்டுவாரே, அப்படி. மேல என்ன சத்தம்னு பார்ட்டி கேட்டார். 'அப்பாவுக்குப் பொழுது போகலை, சும்மா தட்டுவார்'னு சொன்னேன். மேல போனா, நான் எதுக்கு வந்தேன்னு அவர் கண்ணாலயே கேட்பார். அதான் போகலை. முதல்ல பலமா தட்டினார். அப்புறம் விட்டு விட்டு. வீட்டு விலையைப் பேசிட்டு இருந்தோம், சத்தம் இடைஞ்சலா இருந்துச்சு." அவர் இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "நின்னப்போ நிம்மதியா இருந்துச்சு மேடம். தூங்கிட்டார்னு நினைச்சேன்."

ஹாலில் இருந்த வெக்கை நாலு சுவர்களிலிருந்தும் இறங்கிவந்து அவர்கள் மேல் உட்கார்ந்தது.

தம்பி மனைவி நிலைப்படியை விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறி நடந்து, புருஷன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் அவள் தோளைப் பற்றினான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாறாங்கல்லை இறக்கி வைத்த முகங்கள். அப்பாவை நினைத்து அழுதார்கள்தான். ஆனால் அந்த அழுகைக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைக்க அவர்களுக்குத் தெரியவில்லை. டீச்சர் அதைப் பார்த்தார். தந்தி, டீச்சர் பார்ப்பதைப் பார்த்தான்.

எதையாவது சொல்லி அந்த நிமிடத்தை நகர்த்த வேண்டும் என்று தந்தி நாக்கைத் துழாவினான்.

"ஸ்டேஷன்ல சொல்லணும் டீச்சர்" என்றார் மாஜி. "நான் சொல்றதைவிட நீங்களே சொல்றது நல்லது. நான் கூட வரேன்."

டீச்சர் தலையசைத்தார். எழுந்தவர் தம்பி முன்னால் போய் நின்றார். கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது.

"நீயும் வர்றியாடா?"

அவன் வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வரமாட்டான் என்றுதான் தந்தி நினைத்தான். தன்னிடம் கேட்டிருந்தால் போயிருக்க மாட்டான்.

தம்பி, தன் மனைவியின் தோளிலிருந்து கையை எடுத்தான். எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டான். பித்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டான். செருப்பைத் தேடிக் காலில் நுழைத்துக்கொண்டு, அக்காவைக் கடந்து, அவருக்கு முன்னால் வெயிலில் இறங்கி நடந்தான். தெரு முனை வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா எட்டிப் பிடிக்கிற வேகத்தில்தான் நடந்தான்.